முட்டையை எண்ணுகிறோம், காய்கறியையும் நிறுப்போம்: கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், சத்துணவுப் பிரிவில் பணிபுரியும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் தரப்பு உறுப்பினர். மகள் ஏழாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. இருவருக்கும் மதியச் சாப்பாடு பள்ளிச் சத்துணவுதான். வீட்டில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கத்தரி, வெண்டை, கொத்தவரை போட்டு உழவர் சந்தைக்குக் கொண்டுபோகிறோம். சாப்பிடும் பிள்ளைகளின் தாயாகவும், காய்கறி என்ன விலைக்கு விற்கிறது என்று தினமும் பார்ப்பவளாகவும் இதை எழுதுகிறேன்.

பள்ளியில் போடும் சாப்பாடு பிள்ளைகளுக்கு நல்லதுதானா என்று எங்கள் குழுவில் அடிக்கடி பேச்சு வருகிறது. நல்லதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் ஆணையில் எழுதியிருக்கும் சாப்பாடு முழுசாகத் தட்டுக்கு வருவதில்லை. முட்டையை எண்ணிக் கொடுக்கிறீர்கள், எண்ணிச் சரிபார்க்கிறீர்கள், அதனால் அது பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறது. காய்கறியை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. அது வழியிலேயே குறைந்துவிடுகிறது. அதை நிறுக்க ஏற்பாடு செய்யுங்கள், அந்த எடைக்கு வாங்கப் போதுமான பணத்தையும் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில், இந்தச் சாப்பாட்டை மட்டமாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தக்காரர்கள் வந்தால், "கவர்மெண்ட் சோறா சாப்பிடுறாங்க?" என்று என் பிள்ளைகளைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் டிபன் டப்பாவையும் நான் பார்த்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு அவசரத்தில் கிண்டிய எலுமிச்சைச் சாதம், கூட ஒரு பிடி சிப்ஸ். இல்லையென்றால் தக்காளிச் சாதம், இல்லையென்றால் நூடுல்ஸ். பன்னிரண்டரை மணிக்குத் திறக்கும்போது அது ஆறிப்போய்க் கட்டியாகியிருக்கும். அந்தத் தாய்மார்களை நான் குறை சொல்லவில்லை. வேனுக்கு நேரமாகிவிட்டால் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வோம். அன்றைக்கு அடுப்பில் ஏற்றி, சூடாக, முட்டையோடு தட்டில் விழும் சோறு அதைவிட எந்த வகையிலும் தாழ்ந்தது கிடையாது.

இது நமக்குச் சும்மா கிடைக்கவும் இல்லை. 1920-இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்துப் பார்த்தது. பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் 1930-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது. 1956-இல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கிவைத்தார். சமைத்த உணவுதான் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் சொன்னது 2001 நவம்பரில். அதற்குள் நம் ஊரில் ஒரு தலைமுறையே சத்துணவு சாப்பிட்டு வளர்ந்துவிட்டது. என் கணவர் அந்தத் தலைமுறை.

நம் மாவட்டத்துக்கு இதில் தனிப் பெருமையும் உண்டு. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவனிடம் ஊர், பேர், சாதி கேட்காமல் சோறு போடுவது இந்த மண்ணில் புதுசு இல்லை. ஆகவே நான் பேசப்போவது பசியைப் பற்றி இல்லை. வயிறு நிறைகிறது. நிறைந்த வயிற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் இனி பார்க்க வேண்டியது.

முட்டையிலிருந்து தொடங்குகிறேன். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது. 1998-இல் வாரம் ஒன்று ஆனது. 2006-க்குப் பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி, 2010-இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றாகிவிட்டது. 20 வருடத்துக்கு மேல் ஆனது, ஆனாலும் வந்தது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். நாட்டில் எத்தனையோ மாநிலங்களில் முட்டை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையே இன்னும் முடியாதபோது, நம் பிள்ளைகள் தினம் ஒன்று சாப்பிடுகிறார்கள்.

அந்த ஒரு முட்டை என்ன செய்கிறது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன். தொடக்க வகுப்புப் பிள்ளையின் மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்பது ஒன்றிய அரசின் அளவு. அதற்காக 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம், 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி. 100 கிராம் அரிசியிலேயே ஏறக்குறைய 350 கலோரி வந்துவிடுகிறது. 12 கிராம் புரதத்திலும் ஏழு எட்டு கிராம் அரிசியிலிருந்துதான் வருகிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பருப்போ முட்டையோ கூடச் சேர்ந்தால்தான் அது உடம்பில் முழுசாக ஒட்டும். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் சுமார் 23 கிராம் புரதம் வேண்டும் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஒரு முட்டை 6 கிராம் தருகிறது, அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் புரதம். அதை அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு வேறு எங்கும் கிடைக்காத ஒன்றாகவே நான் பார்க்கிறேன்.

இந்த முட்டை தட்டுக்கு வருவது எப்படி? எண்ண முடிகிறது என்பதால்தான். நூறு பிள்ளை வந்தால் நூறு முட்டை. முட்டையில் முத்திரை இருக்கிறது. ஒன்று குறைந்தாலும் கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளை "எனக்கு முட்டை இல்லை" என்று அழும். அந்த அழுகையைவிடப் பெரிய தணிக்கை எதுவும் கிடையாது.

காய்கறிக்கு அப்படி யாரும் அழுவதில்லை. சாம்பார் சாதத்தில் இரண்டு கிலோ காய் போட்டாலும் ஐந்து கிலோ போட்டாலும் பார்வைக்கு அது சாம்பார் சாதம்தான். மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் நிறத்தைக் கொடுத்துவிடும். பிரியாணி என்று பேர் இருக்கும் நாளில் இரண்டு கேரட் துண்டும் நாலு பீன்ஸும் தென்பட்டால் போதும், வெஜிடபிள் பிரியாணி ஆகிவிடுகிறது. பிள்ளை தட்டைக் காலி செய்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. பருப்பும் இதே கதைதான். நீர்த்த சாம்பாரில் 20 கிராம் பருப்பு இருந்ததா, 10 கிராம் இருந்ததா என்று கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

கணக்குப்படி பார்த்தால், தொடக்க வகுப்பில் நூறு பிள்ளை சாப்பிடும் சத்துணவு மையத்தில் ஒரு நாளைக்கு 5 கிலோ காய்கறி அடுப்பேற வேண்டும். ஆறிலிருந்து எட்டு வரை நூறு பிள்ளை என்றால் ஏழரை கிலோ. நான் காய்கறி விற்கிறவள், 5 கிலோ எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெரிய கட்டைப் பை நிறைய. எனக்குத் தெரிந்த சில மையங்களுக்குக் காலையில் போகும் பையில் அதில் பாதிகூட இருப்பதில்லை. எந்தப் பள்ளி, யார் என்று எழுத நான் விரும்பவில்லை. ஒருவரைப் பிடித்துக் கொடுப்பதால் இது தீராது, ஏனென்றால் அந்தப் பை குறைவதற்குப் பெரும்பாலும் திருட்டு காரணம் இல்லை.

காரணம் விலை. அரிசி, பருப்பு, எண்ணெய் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து பொருளாகவே வந்துவிடுகிறது. முட்டையும் அப்படியே. காய்கறி, மளிகை, கேஸ் இவற்றுக்குத்தான் தலைக்கு இத்தனை என்று உணவூட்டு மானியமாகப் பணம் வருகிறது. ஒன்றிய அரசு 2025 மே 1 முதல் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாள் பொருள் செலவு 6 ரூபாய் 78 காசு, அதற்கு மேல் வகுப்புப் பிள்ளைக்கு 10 ரூபாய் 17 காசு என்று வைத்திருக்கிறது. அரிசி நீங்கலாக, பொருளாக வரும் பருப்பு, எண்ணெயின் விலையும் சேர்த்து, காய், மசாலா, எரிபொருள் எல்லாமே இந்த 6 ரூபாய் 78 காசுக்குள். பருப்பு கிலோ 140 ரூபாய் என்று வைத்தால் 20 கிராமுக்கு 2 ரூபாய் 80 காசு. எண்ணெய்க்கு எழுபது காசு ஓடிவிடும். கேஸ், புளி, மிளகாய், கடுகு, உப்பு. மிச்சத்தில் 50 கிராம் காய் வாங்க வேண்டும். காய் கிலோ 40 ரூபாய் விற்கும்போது 50 கிராமுக்கு 2 ரூபாய், எப்படியோ சமாளிக்கலாம். கிலோ 80 ஆகும்போது 4 ரூபாய். அப்போது என்ன செய்வார்கள்? எடையைக் குறைப்பார்கள். வேறு வழியே இல்லை.

காய்கறி விலை ஒரு வருடம் முழுக்க ஒரே மாதிரி நிற்காது என்பதை விளைவிக்கிறவர்களும் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அறிவோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது. நம் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் கதை இன்னும் மோசம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரைச் சுற்றித் தோட்டங்கள் தண்ணீரில் நின்றன. அடுத்த சில வாரம் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் நாங்கள் சொன்ன விலை எங்களுக்கே அதிகமாகப் பட்டது. சத்துணவுக்கு வரும் பணம் மட்டும் வெயிலுக்கும் மழைக்கும் ஒரே பணம். எந்த மாதம் பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் என்று அடிக்கடி வருகிறதோ அந்த மாதம்தான் தட்டில் காய் குறைகிறது. எங்கள் பக்கம் சத்துணவு மையத்தை நடத்தும் ஓர் அமைப்பாளர் அம்மா மழை மாதங்களில் மளிகைக் கடையில் கடன் சொல்லித்தான் வாங்குகிறார். மானியம் வந்ததும் அடைக்கிறார். அவரிடம் போய் எடை குறைகிறது என்று சட்டம் பேச எனக்கு மனசு வராது.

காய்கறி குறைந்தால் என்ன ஆகிவிடும், வயிறுதான் நிறைகிறதே என்று நினைக்கலாம். நம் பிள்ளைகள் காலையில் சாப்பிடுவதும் இட்லி, தோசை, பழையது. ராத்திரியும் சோறுதான். ஒரு நாளில் உடம்புக்குச் சேரும் ஆற்றலில் தானியத்தின் பங்கு 45 சதவீதம் அளவில் இருக்கட்டும் என்று 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. நாம் மதிய உணவிலேயே முக்கால் பங்கை அரிசியில் எடுத்துவிடுகிறோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று வந்தது. வயது வந்த பெண்களிலும் பாதிக்கு மேல். அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து இப்போது நம் பள்ளி வாசலில் நிற்கிறார்கள். ஏழாம் எட்டாம் வகுப்பில் வயதுக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. என் மகள் அந்த வயதில் இருக்கிறாள், அதனால் இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

செறிவூட்டிய அரிசி கொடுக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். அது வருவது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி மாதிரியே பிழிந்து எடுத்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலக்கிறார்கள். ஆனால் அது வந்த புதிதில் எங்கள் ஊரில் பிளாஸ்டிக் அரிசி என்று ஒரே புரளி. தண்ணீரில் மிதக்கிறது, நிறம் வேறு மாதிரி இருக்கிறது என்று பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. யாராவது ஒருவர் வந்து பத்து நிமிடம் விளக்கியிருந்தால் போதும். அதைச் செய்யாததால் சத்து குப்பைக்குப் போனது. இன்னும் ஒன்று. இரும்புச் சத்து உடம்பில் ஏற வைட்டமின் சி கூட வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா, பச்சைக் கீரை இவற்றில்தான் அது இருக்கிறது. மறுபடி வந்து நிற்பது காயிலும் பழத்திலும்தான்.

பிள்ளைகள் காய்கறியைப் பொறுக்கி வைத்துவிடுகிறார்கள், போட்டும் பயனில்லை என்று அலுவலர் ஒருவர் என்னிடம் சொன்னார். பொறுக்குகிறார்கள் என்பது நிஜம். ஏன் என்றும் பார்க்க வேண்டும். ஒரு சமையலரும் ஒரு உதவியாளரும் இருக்க வேண்டிய இடத்தில் பல மையங்களில் ஒருவர்தான் இருக்கிறார். மாநிலத்தில் 8,997 சமையல் உதவியாளர் இடங்களை மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நிரப்ப 2024 டிசம்பரில் அரசு ஆணையிட்டது. அத்தனை இடம் அதுவரை காலியாகக் கிடந்தது என்றுதானே அர்த்தம். ஒரே ஆள் அரிசி களைந்து, நூறு முட்டை வேகவைத்து உரித்து, காயும் நறுக்க வேண்டுமென்றால் காய் பெரிய பெரிய துண்டாகத்தான் விழும். நாரெடுக்காத பீன்ஸ், தோல் தடித்த கத்தரி, வேகாத முள்ளங்கி. அதை எந்தப் பிள்ளை தின்னும்? வீட்டில் நாமே பொறுக்கித்தான் வைப்போம்.

பொடியாக நறுக்கினால் சாப்பிடுகிறார்கள். பரங்கியும் கேரட்டும் பருப்போடு வெந்து மசிந்துவிட்டால் பொறுக்க முடியாது, ருசியும் கூடும். கீரையைத் தனியாகப் பொரியலாக வைத்தால் மிஞ்சுகிறது, பருப்போடு சேர்த்துக் கடைந்து ஊற்றினால் இரண்டாம் தரம் கேட்டு வருகிறார்கள். முருங்கைக் கீரையும் அப்படித்தான். காயை நறுக்கிய பிறகு தண்ணீரில் ஊறப்போடாமல், முதலில் கழுவிவிட்டு அப்புறம் நறுக்கினால் சத்து தண்ணீரோடு போகாது. எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிந்தால் வைட்டமின் சி மிஞ்சும். இதெல்லாம் பெரிய பயிற்சி வகுப்பு நடத்திச் சொல்ல வேண்டியது இல்லை. நம் சமையலர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். கூட ஒரு கையும் அரை மணி நேரமும்தான் அவர்களுக்கு இல்லாதது.

மையச் சமையற்கூடம் வைத்து ஒரே இடத்தில் சமைத்து வண்டியில் அனுப்பிவிட்டால் அளவு, சுத்தம் எல்லாம் சரியாகும் என்று ஒரு பேச்சும் அடிபடுகிறது. புதுச்சேரியில் அந்த முறை இருக்கிறது. ஊர் சின்னது, பள்ளிகள் கிட்டக்கிட்ட இருக்கின்றன. நம் மாவட்டத்தில் மங்களூர் ஒன்றியத்துக் கிராமமும் பரங்கிப்பேட்டைக் கடற்கரையும் எங்கெங்கோ கிடக்கின்றன. அதைவிட முக்கியமாக, பள்ளிக்கூடத்திலேயே சமைத்தால்தான் சோறு சூடாக இருக்கும், தாளிக்கும் வாசம் வகுப்பறைக்கு வரும், நாங்களும் எட்டிப் பார்க்க முடியும். தயவுசெய்து அடுப்பைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

2014-க்குப் பிறகு மாநிலம் முழுக்கக் கலவைச் சாதம் வந்தது. கொண்டைக்கடலை புலாவ், மிளகு முட்டை, கறிவேப்பிலைச் சாதம், மீல் மேக்கர் என்று இரண்டு வாரத்துக்குச் சுற்றி வரும் பட்டியல். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, என் மகன் கிழமையைச் சாப்பாட்டின் பேரால்தான் சொல்வான். பட்டியலை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் புளிச் சாதம் வரும் நாள்களில் காய்க்கு இடமே இல்லாமல் போகிறது. முட்டையையும் எடுத்துவிட்டால் அன்றைக்குத் தட்டில் இருப்பது சோறும் எண்ணெயும்தான். அந்த நாள்களில் கூட ஒரு கீரைக் கடைசலோ சுண்டலோ சேர்க்க மாவட்ட அளவில் அனுமதி கொடுங்கள்.

அதற்கு வேண்டியதெல்லாம் இந்த மாவட்டத்திலேயே விளைகிறது. விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை மூட்டையாக வேர்க்கடலை வருகிறது. 20 கிராம் வேர்க்கடலையில் 5 கிராம் புரதம், ஏறக்குறைய ஒரு முட்டை அளவு. வாரத்தில் இரண்டு நாள் வேகவைத்துக் கொடுக்கலாம், வெல்லம் போட்டு உருண்டையாகவும் கொடுக்கலாம். காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் நெல் அறுத்த வயலில் உளுந்தும் பச்சைப் பயறும் விளைகின்றன. ராமாபுரம், வெள்ளக்கரையில் வாழை. பண்ருட்டிப் பலாக்கொட்டை ஜூன் மாதத்தில் வீணாகக் கிடக்கும், சாம்பாரில் போட்டால் அதைவிட ருசியான காய் கிடையாது. தேவனாம்பட்டினத்துப் பிள்ளைக்கு வீட்டிலாவது மீன் கிடைக்கும். மங்களூர், நல்லூர் பக்கத்து மானாவாரி ஊர்ப் பிள்ளைக்கு அதுவும் அபூர்வம். அங்கெல்லாம் பயறும் கடலையும் இன்னும் அவசியம்.

பள்ளித் தோட்டம் போடுங்கள் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. போடலாம். முருங்கை, பப்பாளி, அகத்தி நம் மண்ணுக்கு நன்றாக வரும். பிள்ளைகள் தண்ணீர் ஊற்றி வளர்த்த கீரையை விரும்பிச் சாப்பிடவும் செய்வார்கள். ஆனால் பத்துச் செடி வைத்த தோட்டம் தினம் 5 கிலோ காய் தராது. காய்கறி செய்கிற எனக்கு அது தெரியும். தோட்டத்தைக் காட்டி மானியத்தைக் குறைக்கும் எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது.

காலை உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு என் மகனுக்குக் கிடைக்கிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட காய்கறிச் சாம்பார். அது வந்த பிறகு முதல் பாடவேளையில் தூங்கி விழும் பிள்ளைகள் குறைந்துவிட்டதாக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அந்தச் சாம்பாருக்கும் இதே எடைக் கணக்கு வேண்டும். அப்புறம், ஐந்தாம் வகுப்போடு அது நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி நின்றுவிடுமா? தம்பி சாப்பிட, அக்கா ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் பள்ளிகள் நம் மாவட்டத்தில் நிறைய. அது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அரசுக்கு நீங்கள் எழுதும் அறிக்கையில் ஒரு வரியாவது இதற்குக் கொடுங்கள்.

பள்ளி வாசல் கடைகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் அதிகமுள்ள தின்பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டிருக்கிறது. அதை அமல்படுத்தினால் போதும். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டில் பசியடங்கிய பிள்ளை சத்துணவில் பாதியைக் கீழே கொட்டுகிறது.

இனி நான் கேட்பது. எத்தனை பிள்ளை சாப்பிட்டது என்று ஒவ்வொரு மையத்திலிருந்தும் தினமும் செல்பேசியில் தகவல் போகிறது. அதோடு அன்றைக்கு எத்தனை கிலோ காய், எத்தனை கிலோ பருப்பு அடுப்பேறியது என்பதையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதே எண்ணைச் சமையலறை வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதட்டும். இன்று வந்த பிள்ளைகள் இத்தனை, காய் இத்தனை கிலோ, பருப்பு இத்தனை கிலோ. படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் வகுத்துப் பார்த்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் அது. சமைத்த உணவை ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்று விதி இருப்பது போல, வாரம் ஒரு நாள் மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாய் காலையில் வந்து எடை பார்த்துக் கையெழுத்துப் போடவும் விதி வையுங்கள்.

இந்த எடைக் கணக்கை வைத்து எந்த அமைப்பாளருக்கும் சமையலருக்கும் மெமோ கொடுக்காதீர்கள். முதல் ஆறு மாதமாவது கொடுக்காதீர்கள். பயம் வந்துவிட்டால் பலகையில் தினமும் 5 கிலோ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், நமக்கு உண்மை எப்போதும் தெரியாது. எந்த மாதம், எந்த ஒன்றியத்தில், எவ்வளவு குறைகிறது என்று முதலில் தெரியட்டும். மழைக்காலத்தில் எல்லா மையத்திலும் ஒரே மாதிரி குறைந்தால் அது ஆளின் தவறு இல்லை, பணத்தின் தவறு. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் சமூக நலத் துறையிடம் பேசலாம். ஐப்பசியிலிருந்து தை வரைக்குமாவது காய்கறிக்குத் தனியாகக் கூடுதல் மானியம் கேட்கலாம். மானியத்தை மாதத் தொடக்கத்திலேயே முன்பணமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தால் கடைக்காரரிடம் கடன் சொல்லும் நிலைமையும் மாறும்.

உழவர் சந்தைகளைச் சத்துணவு மையங்களோடு இணைக்கவும் வழி பாருங்கள். காலை ஒன்பது மணிக்குச் சந்தை கலையும்போது நல்ல காயையே நாங்கள் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறோம். ஒரு ஒன்றியத்தில் இருக்கும் மையங்கள் சேர்ந்து முன்கூட்டியே சொல்லி வைத்தால், அந்த விலைக்கு முழு எடையும் தர எங்களைப் போன்ற விவசாயிகள் தயார். விளைவிக்கிறவருக்கும் நஷ்டம் இல்லை, மையத்துக்கும் கட்டுப்படியாகும்.

காலியாக இருக்கும் சமையல் உதவியாளர் இடங்களை நம் மாவட்டத்தில் எவ்வளவு சீக்கிரம் நிரப்ப முடியுமோ அவ்வளவு சீக்கிரம் நிரப்புங்கள். அதுவரை காய் நறுக்க மட்டும் தினம் ஒரு மணி நேரம், ஊரில் உள்ள மகளிர் குழுவிலிருந்து ஒருவரை ஏதாவது ஒரு கூலிக்கு வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். இலவசமாக வந்து நறுக்கிக் கொடுங்கள் என்று தாய்மார்களைக் கேட்காதீர்கள். நடவு நாளில் யாராலும் வர முடியாது, அன்றைக்குப் பிள்ளைகள் மறுபடி பெரிய துண்டுதான் சாப்பிட வேண்டியிருக்கும்.

இத்தனையையும் மாவட்டம் முழுக்க ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில் ஒரு பருவத்துக்கு நடத்திப் பாருங்கள். குறிஞ்சிப்பாடி ஒன்றியத்தில் எங்கள் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தராசும் கரும்பலகையும் பெற்றோர்களே வாங்கித் தருகிறோம், எங்கள் குழுவில் பேசி முடித்துவிட்டோம். வாரம் ஒரு நாள் எடை பார்க்க வரும் தாய்மார்களின் பட்டியலும் தயாராக இருக்கிறது. வரும் நவம்பர் 1 கிராம சபையில் முதல் கணக்கை வாசிக்க வேண்டுமென்றால் அனுமதிக் கடிதம் அதற்கு ஒரு மாதம் முன்னாலாவது எங்கள் தலைமையாசிரியர் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், இரண்டு பிள்ளைகளின் தாய்,
குறிஞ்சிப்பாடி ஒன்றியம், கடலூர் மாவட்டம்.